கோட்டைமேடும் திப்பு சுல்தானின் படைநூலும்

கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியைக் கடந்து செல்லும்போது விமானப்படையின் நிர்வாகக் கல்லூரியை நாம் பார்த்திருப்போம். இளம் அதிகாரிகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டனில் முப்படை அதிகாரிகளும் படிக்கும் கல்லூரி இருக்கிறது. துப்பாக்கி பிடிப்பதும் வரிசையில் நடப்பதும் மட்டும் அங்கே பாடமல்ல. தனக்குக் கீழே இருப்பவனை எப்படி நடத்துவது, சரணடைந்தவனை எப்படி நடத்துவது, கொடுத்த வாக்கை எப்படிக் காப்பது என்பதும் ஓர் அதிகாரி படிக்க வேண்டிய பாடம்தான்.

ரெட்ஃபீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் கோட்டைமேடு. நம் சமுதாய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். பெயரில் கோட்டை இருக்கிறது, கண்ணுக்குக் கோட்டை தெரியாது. அந்தக் கோட்டை ஒரு காலத்தில் மைசூர் அரசுக்கு உரியதாக இருந்தது. தன் படை அதிகாரிகளுக்காகவே ஒரு நூல் எழுத வைத்த மன்னர் அதன் அதிபதி. அவர்தான் ஷஹீத் திப்பு சுல்தான்.

திப்புவைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது புலி, வாள், ராக்கெட் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் ஓர் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஆசிரியருக்கு மிகக் கடினமான தேர்வு வைத்த இடங்களில் நம் கோவையும் ஒன்று என்பதைப் பேசுவதே இல்லை.

1750-ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று, பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் திப்பு பிறந்தார். தந்தை ஹைதர் அலி, தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாகவே குழந்தைக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆக, மைசூர்ப் புலியின் பெயர் நம் தமிழகத்திலிருந்து போனதுதான்.

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே மகன் படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். குர்ஆன், ஃபிக்ஹ், அரபி, பாரசீகம், கன்னடம் என்று பாடங்கள் நடந்தன. போர்க்கலை கற்றுத்தர காஜி கான் என்ற அனுபவமிக்க படைத்தலைவர் அமர்த்தப்பட்டார். ஹைதரின் படையில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் ஐரோப்பியப் படைகள் வரிசை கட்டி நகரும் முறையைக் காட்டினார்கள். 15 வயதில் தந்தையோடு மலபார் களம். 17 வயதில் ஒரு குதிரைப்படைப் பிரிவை நடத்திக்கொண்டு மதராஸின் எல்லை வரை வந்து கம்பெனிக்காரர்களைக் கலங்கடித்தார். இந்த வயதில் நம் பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. 1782 பிப்ரவரியில் தஞ்சைச் சீமையில் கர்னல் பிரெய்த்வெய்ட் சரணடைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையிலேயே ஹைதர் அலி வஃபாத்தானார். திப்பு அப்போது மலபார் பக்கம் இருந்தார். தந்தையின் மறைவைப் படைத்தலைவர்கள் ரகசியமாக வைத்து, மகன் வந்து சேரும்வரை படையைக் கலையாமல் காத்தார்கள். ஓர் அரசு நிற்பதும் விழுவதும் அதிகாரிகளின் நாணயத்தில் இருக்கிறது என்பதை 32 வயதில் அவர் நேரில் கண்டார். அந்த அனுபவத்துக்கும் அடுத்து வந்த நூலுக்கும் தொடர்பு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த நூலின் பெயர் ஃபத்ஹுல் முஜாஹிதீன். பாரசீக மொழியில், திப்புவின் நேரடி வழிகாட்டுதலில், ஸைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி என்பவர் எழுதியது. எட்டு அதிகாரங்கள். மார்க்கக் கடமைகளில் தொடங்கி, படையின் அமைப்பு, ஒவ்வொரு பதவியின் பொறுப்பு, துப்பாக்கி கையாளும் முறை, காவல் மாற்றுவது, இரவுத் தாக்குதல், காட்டில் ஒரு முறை சமவெளியில் ஒரு முறை என்று வரிசையாகப் போகிறது. குஷூன் என்பது பெரும்பிரிவு. அதன் தலைவர் சிபஹ்தார். அதற்குக் கீழே ரிசாலா, ரிசாலதார். அதற்கும் கீழே ஜவுக், ஜவுக்தார். ரிசல்தார் என்ற பதவிப் பெயர் இன்றும் நம் இந்திய ராணுவத்தின் கவசப்படையில் வழக்கில் இருக்கிறது. அணிவகுப்புக் கட்டளைகளையும் அயல்மொழியில் விட்டுவைக்காமல் பாரசீகத்துக்கு மாற்றினார்.

இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செலுத்தும் ராக்கெட் பிரிவுக்கும் அந்த நூலில் இடம் உண்டு. அந்த ராக்கெட்டுகளைப் பின்னர் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்ததும், அமெரிக்காவின் நாசா தளம் ஒன்றில் திப்புவின் ராக்கெட் வீரர்கள் தீட்டப்பட்ட ஓவியத்தை நம் அப்துல் கலாம் அவர்கள் பார்த்து வியந்ததும் பலமுறை எழுதப்பட்டவை. இங்கே அதற்குள் போகவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது நூலின் வரிசை. துப்பாக்கிக்கு முன்னால் மார்க்கம் வருகிறது. ஆயுதம் தூக்குகிறவன் முதலில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். திப்பு இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. மது விற்பனையால் வரும் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று நாட்டில் மதுவைத் தடுக்க முனைந்தார். வரி வசூலிக்கும் அதிகாரிகள் உழவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனி விதிகள் எழுதினார். 1791-இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தின் தலைவருக்கு மரியாதையோடு கடிதங்கள் எழுதி, சிலையை மீண்டும் நிறுவப் பொருளும் அனுப்பினார். அந்தக் கடிதங்கள் 1916-இல் மடத்திலிருந்தே வெளிவந்தன.

மறுபக்கமும் உண்டு. குடகிலும் மலபாரிலும் கிளர்ச்சிகளை அடக்கியபோது ஆயிரக்கணக்கான மக்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள், கட்டாயத்துக்கு உள்ளானார்கள். கம்பெனி எழுத்தர்கள் இதை ஊதிப் பெருக்கினார்கள் என்பது உண்மை. அதற்காக நடந்தது எதுவுமே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது மன்னருக்கும் பொருந்தும். நம் மாவீரர்களை நேசிப்பது என்றால் அவர்களின் தவறுகளுக்குத் திரை போடுவது என்று பொருளல்ல. அந்த நேர்மையோடுதான் கொங்கு மண்ணில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம், சத்தியமங்கலம் எல்லாம் அன்று மைசூரின் பகுதிகள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே இறங்க கஜலஹட்டி கணவாய் வழி. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்து அதைத் தன் தளமாக்கினார். செப்டம்பரில் திப்பு கணவாய் வழியே திடீரென்று இறங்கினார். சத்தியமங்கலத்தில் கர்னல் ஃப்ளாய்டின் படை பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கியது. அந்தப் போரில் திப்புவின் மைத்துனரும் சிறந்த தளபதியுமான புர்ஹானுத்தீன் ஷஹீதானார்.

அடுத்த மாதம் தாராபுரம் கோட்டை திப்புவிடம் சரணடைந்தது. அங்கிருந்த கம்பெனிப் படையினர், இந்தப் போர் முடியும்வரை மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்களித்தார்கள். விடுவிக்கப்பட்டார்கள். கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. திப்புவை வெறுத்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே இதை எழுதியிருக்கிறார்கள்.

ஓராண்டுக்குள் நிலைமை மாறிவிட்டது. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். மராத்தியரும் ஹைதராபாத் நிஜாமும் அவரோடு சேர்ந்திருந்தார்கள். திப்பு தனியாக நின்றார். கோயம்புத்தூர்க் கோட்டையில் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி சிறு படையோடு இருந்தார். அவருடைய ஆட்களில் பலர் திருவிதாங்கூரிலிருந்து வந்தவர்கள். ஜூன் மாதம் மைசூர்ப் படை நடத்திய தாக்குதலை அவர்கள் முறியடித்தார்கள். அதன்பின் லெப்டினன்ட் நாஷ் சிறு உதவிப் படையோடு வந்து சேர்ந்தார்.

அக்டோபரில் திப்பு தன் முதன்மைத் தளபதிகளில் ஒருவரான கமருத்தீன் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். மதில் உடைந்தது, வெடிமருந்து தீர்ந்தது, இரு அதிகாரிகளும் காயமடைந்தார்கள். நவம்பர் 3 அன்று சால்மர்ஸ் சரணடைந்தார். கமருத்தீன் கானோடு எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி கோட்டையில் இருந்தவர்கள் தங்கள் உடைமைகளோடு பாலக்காட்டுக்குப் போகலாம்.

அவர்கள் பாலக்காடு போய்ச் சேரவில்லை. சுல்தான் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. எல்லோரும் கைதிகளாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

இந்த இடத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. இஸ்லாமிய சட்டத்தில் அமான் என்று ஒன்று உண்டு. எதிரிக்குக் கொடுக்கும் உயிர்ப் பாதுகாப்பு வாக்குறுதி அது. முஸ்லிம்களில் ஒருவர், அவர் எவ்வளவு எளியவராக இருந்தாலும், அமான் கொடுத்துவிட்டால் அது முழுச் சமூகத்தையும் கட்டுப்படுத்தும். மக்கா வெற்றி நாளில் உம்மு ஹானி (ரலி) அவர்கள் தம் கணவர் வழி உறவினர் இருவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அவர்களுடைய சகோதரர் அலீ (ரலி) அவர்களோ அந்த இருவரையும் விட மனமில்லாமல் இருந்தார்கள். உம்மு ஹானி நேராக அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். நபியவர்கள் அந்தப் பெண்மணி கொடுத்த அடைக்கலத்தைத் தம்முடைய அடைக்கலமாகவே ஏற்றுக்கொண்டார்கள். வெற்றி பெற்ற படையின் தலைவர், ஒரு பெண் தன் வீட்டில் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டார்கள்.

ஹுதைபிய்யாவில் அதைவிடக் கடினமான நிலை. உடன்படிக்கை எழுதி முடியும் முன்பே அபூ ஜந்தல் (ரலி) சங்கிலியோடு ஓடி வந்து முஸ்லிம்களிடம் புகலிடம் கேட்டார். தோழர்களின் நெஞ்சம் வெந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்ட நிபந்தனைப்படி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். வாக்கு கசந்தபோதும் அது வாக்குதான்.

திப்பு இந்த ஸீராவைப் படிக்காதவர் அல்லர். இரண்டாயிரம் அளவிலான நூல்களைக் கொண்ட நூலகம் வைத்திருந்தவர். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதாமல் நாளைத் தொடங்காதவர். பிறகு ஏன் அப்படிச் செய்தார்? அவர் பக்கமும் பேசுவதற்கு ஒன்று இருக்கிறது. 1783-இல் பெத்னூரில் ஜெனரல் மேத்யூஸ் சரணடைந்தபோது, உடன்படிக்கைக்கு மாறாகக் கருவூலம் காலி செய்யப்பட்டிருந்தது என்று திப்பு குற்றம் சாட்டினார். கம்பெனியின் கையெழுத்தை அவர் நம்பாததற்குக் காரணங்கள் இருந்தன. நாலாபுறமும் நெருக்கப்பட்ட ஒரு மன்னரின் மனநிலையும் நமக்குப் புரிகிறது. ஆனால் கோயம்புத்தூரில் வாக்கை மீறியது கம்பெனி அல்ல. கொடுத்தவர் அவருடைய சொந்தத் தளபதி.

தன் அதிகாரியின் சொல்லை மன்னரே செல்லாக்காசாக்கினால், அடுத்த களத்தில் அந்த அதிகாரி எந்த முகத்தோடு எதிரியிடம் பேசுவார்? அவருக்குக் கீழே உள்ள ஜவுக்தார் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்? நூலில் எட்டு அதிகாரம் எழுதலாம். படை வாசிப்பது தலைவரின் நடத்தையைத்தான்.

விலையும் உடனே கேட்கப்பட்டது. சமாதானப் பேச்சுக்குத் திப்பு தூது அனுப்பியபோது, கோயம்புத்தூர்க் கைதிகளை விடுவிக்காதவரை பேச்சே இல்லை என்று காரன்வாலிஸ் கதவை அடைத்தார். காரன்வாலிஸ் ஒன்றும் நீதிமான் அல்லர். அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதை நம்மவரே கொடுத்துவிட்டார். 1792 பிப்ரவரி 6 இரவு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்கள் தாக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து திப்பு சால்மர்ஸையும் நாஷையும் அழைத்து விடுதலை செய்தார். அவர்கள் கையிலேயே காரன்வாலிஸுக்கு சமாதானக் கடிதமும் கொடுத்தனுப்பினார். மூன்று மாதம் முன்பே பாலக்காட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்து நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு அவருடைய மறுபக்கத்தைக் காட்டுகிறது. சமாதான நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், இரண்டு மகன்கள் பிணை. திப்பு தனியாக முடிவெடுக்கவில்லை. தன் முதன்மை அதிகாரிகளைப் பெரிய பள்ளிவாசலான மஸ்ஜிதே அஃலாவில் கூட்டினார். குர்ஆனை நடுவில் வைத்து, அதன் பேரால் உண்மையைச் சொல்லும்படி கேட்டார். படை மனம் தளர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். கேட்க விரும்பாத பதில் அது. கேட்டுக்கொண்டார், கையெழுத்திட்டார். குழந்தைகளான அப்துல் காலிக்கும் முயிஸுத்தீனும் யானை மீது ஏறி எதிரியின் பாசறைக்குப் போனார்கள். 1794 வரை திரும்பவில்லை. அந்தக் கடனை அவர் அடைத்தார், மகன்களை மீட்டார். இந்தமுறை கொடுத்த வாக்கு தவறவில்லை.

அந்த உடன்படிக்கையில் சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் எல்லாம் போயின. கோயம்புத்தூர் மட்டும் மைசூரிடமே தங்கியது. மிச்சம் இருந்த ஏழு ஆண்டுகள் இந்தக் கொங்கு மண் திப்புவின் மண்ணாகவே இருந்தது. காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை கொங்கு இளைஞர்களைத் திரட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்த் திப்புவின் படையோடு நின்றார் என்று இங்குள்ள மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மதம் பார்க்காமல் ஒரு தலைவனை நம்பிப் போனவர்கள் அவர்கள். திப்புவுக்குப் பின்னும் சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போராடி, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

1799-இல் கடைசிப் போர் வந்தது. கமருத்தீன் கானிடம் குதிரைப்படை ஒப்படைக்கப்பட்டிருந்தது. வரும் எதிரியை வழியெல்லாம் அலைக்கழிப்பது அவர் வேலை. அவர் பெரிதாக எதையும் செய்யவில்லை. மே 4, ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாத இறுதி. நண்பகலில் திப்பு உணவருந்தும்போது நம்பிக்கைக்குரிய தளபதி சையது கஃப்பார் கொல்லப்பட்ட செய்தி வந்தது. எழுந்து மதிலுக்கு விரைந்தார். உடைப்பு விழுந்த பகுதியில் இருக்க வேண்டிய வீரர்களை, சம்பளம் வாங்க வாருங்கள் என்று மீர் சாதிக் அங்கிருந்து விலக்கிவிட்டார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆங்கிலேயர் உள்ளே புகுந்தார்கள். தப்பிச் செல்ல வழி இருந்தும் சுல்தான் சாதாரணச் சிப்பாயைப் போல் நின்று போரிட்டு, கோட்டை வாயிலில் பிணங்களுக்கு நடுவே ஷஹீதாகக் கிடந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மீர் சாதிக்கை மைசூர் வீரர்களே வெட்டிப் போட்டார்கள்.

கமருத்தீன் கானுக்கு ஆங்கிலேயர் குர்ரம்கொண்டாவை ஜாகீராகக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் தான் போட்ட கையெழுத்து மதிப்பிழந்த அந்த நாள் அவர் மனத்தில் என்ன செய்தது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதுவே அவருடைய துரோகத்துக்குக் காரணம் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. துரோகி தன் துரோகத்துக்குத் தானே பொறுப்பு. ஆனாலும் அந்த இரண்டு காட்சிகளையும் நம்மால் தனித்தனியாக வைத்துப் பார்க்க முடியவில்லை.

ஃபத்ஹுல் முஜாஹிதீன் நூலின் பிரதிகள் சில லண்டனிலும் கொல்கத்தாவிலும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. திப்புவின் மகன்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1806 ஜூலையில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோயம்புத்தூர் 1799-இலேயே கம்பெனியின் கைக்குப் போனது. சால்மர்ஸும் கமருத்தீன் கானும் உடன்படிக்கை செய்துகொண்ட அந்தக் கோட்டையின் மதில் இன்று இல்லை. அது நின்ற மேட்டில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு வேளை பாங்கு சொல்லும்போதும் அந்தத் தெருக்களில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் ஊருக்கு ஏன் கோட்டைமேடு என்று பெயர் வந்தது என்று கேட்கும் வயது அவர்களுக்கு.